புலிக்கு வியர்க்குமா?

"மே மாதத்தில் புத்தியுள்ளவர்கள் ஊட்டிக்குப் போவார்கள், கொடைக்கானலுக்குப் போவார்கள். காசில்லாதவர்கள் மொட்டை மாடிக்குப் போவார்கள். நீங்கள் சந்திரபூருக்கா போகிறீர்கள்?" என்று கேட்டார் எதிர் வீட்டு மாமி.

"அங்கே புலி இருக்கிறது, மாமி" என்றேன்.

"வெயில் இருக்கிறதே, அது புலியைவிடப் பொல்லாதது!" என்றார் மாமி.

மாமி சொன்னது எவ்வளவு வாஸ்தவம் என்பது போய் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டதை வாசக சகோதரிகளிடம் சொல்லாவிட்டால் இந்த வாரம் எனக்குத் தூக்கம் வராது.

சந்திரபூர் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சென்னையிலிருந்து டில்லிக்குப் போகும் ரயில் பாதையில், மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. தமயந்தி பிறந்த விதர்ப்ப தேசம்தான். இரவு சென்னையில் ஏறினால் மறுநாள் பகலில் பல்லார்ஷாவில் இறங்கலாம். அதை ஒட்டினாற்போல் சந்திரபூர். அங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் போனால் தடோபா காட்டின் மொஹர்லி வாசல் வந்துவிடும்.

தேக்கும் மூங்கிலும் அடர்ந்த காடு அது. 1955-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பிறகு பக்கத்திலுள்ள அந்தாரி சரணாலயத்தையும் சேர்த்து, 1995-ல் புலிகள் காப்பகமாக ஆக்கினார்கள்.

"அது சரி, காட்டுக்குப் போக வேறு மாதமே கிடைக்கவில்லையா?" என்று நீங்களும் மாமியோடு சேர்ந்துகொள்வீர்கள். காரணம் இருக்கிறது. மழைக்காலத்தில் மூன்று மாதம் காட்டின் உட்பகுதியை மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு திறந்தால் எங்கு பார்த்தாலும் பச்சைப் பசேலென்று புதர். பத்தடி தூரத்தில் புலி நின்றாலும் தெரியாது. கோடையில் இலைகள் உதிர்ந்துவிடும். ஓடைகள் வற்றிவிடும். மிச்சமிருக்கிற நாலைந்து குட்டைகளைத் தேடி மான் வரும், காட்டெருமை வரும், அவற்றின் பின்னாலேயே புலியும் வரும். ஆகவே, மிருகங்களைப் பார்ப்பதற்கு ஏப்ரலும் மேயும்தான் நல்ல மாதங்கள். பார்க்கிற மனிதர்களுக்கு அவைதான் பொல்லாத மாதங்கள். சந்திரபூரில் மே மாதத்தில் 45 டிகிரி செல்ஷியஸ் என்பது அதிசயமே இல்லை. பழைய கணக்கில் சொன்னால் 113 டிகிரி!

எங்கள் கோஷ்டியில் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், ஒன்பது வயதுப் பையன், என் மாமியார். அத்தைக்கு வயது அறுபத்தாறு. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். "பேரனோடு புலி பார்க்காமல் என்ன ஜன்மம்!" என்று முதலில் பெட்டியைக் கட்டியவரும் அவர்தான்.

இட்டிலிப் பானையில் ஓர் இரவு

நாங்கள் தங்கிய விடுதி அறையில் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய தகரப் பெட்டி இருந்தது. உள்ளே ஒரு விசிறி. மூன்று பக்கமும் மரச் சுருள் வைத்துத் தைத்த தட்டிகள். அவற்றின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். விதர்ப்பத்தில் இந்தக் 'கூலர்' இல்லாத வீடே இல்லை எனலாம். ஈரத் தட்டி வழியாக வருகிற காற்று ஜிலுஜிலுவென்று வந்தது.

"குளிர்ந்த காற்று வெளியே போகாமல் இருக்கட்டும்" என்று சொல்லி, என் வீட்டுக்காரர் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தித் தாழ் போட்டார். சென்னையில் ஏ.சி. அறையில் படுத்துப் பழகிய பழக்கம்! அரை மணியில் அறை இட்டிலிப் பானை ஆகிவிட்டது. சுவர் கசிந்தது, தலையணை நமநமத்தது, பையன், "அம்மா, நான் வெந்துவிட்டேன், இறக்கி வை" என்றான்.

விடுதிக் காவற்காரர் வந்து பார்த்துச் சிரித்தார். எதிர்ப்பக்கத்து ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தார். ஈரக் காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வழி வேண்டுமாம். பத்து நிமிஷத்தில் அறை மறுபடியும் குளிர்ந்தது.

இதிலே ஒரு பெரிய பாடம் இருந்தது. அன்றே அதை முழுவதும் புரிந்துகொண்டிருந்தால் மறுநாள் வந்த ஆபத்து வந்திருக்காது.

நமக்கெல்லாம் தெரிந்த மண்பானையையே எடுத்துக்கொள்ளுங்கள். பானையின் மேலே கசிகிற நீர் காற்றில் ஆவியாகிப் போகிறது. போகும்போது உள்ளே இருக்கும் ஜலத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கூலரும் அப்படித்தான். நம் உடம்பும் அப்படித்தான். ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் ஆவியானால், ஐந்து லிட்டருக்கு மேல் ஐஸ் ஜலத்தைக் கொதிக்க வைக்கக்கூடிய அளவு உஷ்ணம் உடம்பை விட்டுப் போகிறது. ஆனால், வியர்வை ஆவியாக வேண்டும்; வழிந்து விழுந்தால் பிரயோஜனம் இல்லை.

சென்னையில் காற்றே ஈரம். வியர்வை ஆவியாகாமல் முதுகில் ஆறாக ஓடுகிறது. கசகசவென்று இருக்கிறது, வியர்க்கிறது என்று நமக்கே தெரிகிறது, தண்ணீர் கேட்கிறோம். சந்திரபூரிலோ காற்று எலும்பாய்க் காய்ந்து கிடக்கிறது. வியர்வை வெளியே தலை காட்டியதும் ஆவியாகிவிடுகிறது. ரவிக்கை நனைவதில்லை, முகம் பிசுபிசுப்பதில்லை.

"வெயில் அடிக்கிறதே தவிர, வியர்க்கவே இல்லை பார். நம் ஊருக்கு இது தேவலை" என்று முதல் நாளே சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டார் அத்தை. வியர்க்காமல் இல்லை, சகோதரிகளே! கண்ணுக்குத் தெரியாமல் வியர்த்துக்கொண்டிருந்தது. மாலையில் அவருடைய கறுப்பு ரவிக்கையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள் தெரிந்தன. அவற்றை நான் சுண்ணாம்பு என்று நினைத்துத் தட்டினேன்!

ஜீப்பில் ஏறும் அலங்காரம்

காட்டுக்குள் மேற்கூரை இல்லாத ஜீப்பில் அழைத்துப் போகிறார்கள். பிரயாணிகள் ஆறு பேர், வழிகாட்டி ஒருவர், வண்டியோட்டி ஒருவர். விடியற்காலையில் ஒரு சவாரி. பிற்பகல் ஒரு சவாரி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாலு மணி நேரம். செவ்வாய்க்கிழமை காட்டுக்கு ஓய்வு. கைப்பேசியை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. நாலு மணி நேரம் என் வீட்டுக்காரர் என்னோடு பேசினார் என்றால் அதற்கு அந்தச் சட்டத்துக்குத்தான் வந்தனம் சொல்ல வேண்டும்.

உடுப்பு விஷயத்தில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். 'வெயில் ஆயிற்றே' என்று கையில்லாத மெல்லிய உடை ஒன்றை எடுத்து வந்திருந்தேன். காற்றின் சூடு நம் தோலின் சூட்டைவிட அதிகமாகிவிட்டால் திறந்த தோலில் படுகிற காற்று குளுமை தராது. அடுப்பங்கரை அனல் மாதிரி சுடும். ஓடுகிற ஜீப்பில் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்த ஊர்ப் பெண்கள் முழங்கை தாண்டி மூடி, தலையையும் முகத்தையும் வெள்ளைப் பருத்தித் துணியால் சுற்றிக் கண்ணை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போகிறார்கள். மூடுவதுதான் அங்கே குளுமை!

ஆகவே தளர்ந்த, முழுக்கை வைத்த, பருத்தி உடை. நைலானும் பட்டும் வேண்டாம். காட்டுக்குச் சிவப்பு, மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறங்கள் ஆகாது. மண் நிறம், சருகு நிறம், பாசி நிறம் நல்லது. அத்தை புடவையைத் தவிர வேறொன்றும் உடுத்த மாட்டார். பாக்கு நிறச் சுங்குடிப் புடவையைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டார். ஜீப்பின் படி உயரம். ஆகையால் கணுக்காலுக்கு மேலே சற்றுத் தூக்கிக் கட்டிக்கொள்வது நல்லது. ஸென்ட் பூசிக்கொள்ள வேண்டாம்; காட்டின் வாசனையை நாம் கெடுக்கக் கூடாது.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். வெயிலில் நின்ற ஜீப்பின் ஆசனமும் கம்பியும் தோசைக் கல்லாகக் காய்ந்திருக்கும். உட்கார ஒரு கெட்டித் துண்டு கொண்டுபோங்கள். தண்ணீர்க் கூஜாவுக்கு ஒரு பழைய பருத்தித் துணியைச் சுற்றி, துணியை நனைத்து, காற்றுப்படுகிற இடத்தில் நிழலில் வையுங்கள். ஜீப் ஓட ஓட, துணி காயக் காய, உள்ளே ஜலம் குளிரும். மண்பானை வித்தைதான். அடிக்கடி துணியை நனைத்துக்கொண்டால் போதும்.

இதெல்லாம் சரியாகச் செய்தோம். கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது; குளுகுளுவென்றும் இருந்தது. ஆனால் அத்தை அதைக் குடிக்கவில்லை.

பேசாமல் போன அத்தை

இரண்டாம் நாள் பிற்பகல் சவாரி. மூன்று மணிக்கு உள்ளே நுழைந்தோம். அன்று எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு பெண்மணி. முப்பது வயது இருக்கும். காக்கி உடை, தலையில் வெள்ளைத் துணி. தடோபாவில் உள்ளூர்ப் பெண்கள் பலர் இந்த வேலையைப் பார்க்கிறார்கள். பிராத்மிக் பரீட்சையோடு நின்றுபோன என் ஹிந்தியை வைத்துக்கொண்டு நான் அவரைத் 'தாயி' என்று கூப்பிட்டேன். மராத்தியில் அக்காள் என்று அர்த்தம். அவர் அத்தையை 'மாவ்ஷி' என்றார், அதாவது சின்னம்மா.

காடு நெருப்பில் காய்ச்சி எடுத்தது போல் இருந்தது. ஒரு மூங்கில் நிழலில் மயில் ஒன்று வாயைத் திறந்துகொண்டு, தொண்டை படபடவென்று துடிக்க, நின்றுகொண்டிருந்தது.

"அதற்கு என்ன ஆச்சு?" என்றான் பையன்.

"பறவைக்கு வியர்வையே கிடையாது. வாய் வழியாகத்தான் சூட்டை வெளியே விடும்" என்றார் வழிகாட்டி.

"அப்போ புலிக்கு வியர்க்குமா?"

"பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். அது போதாது. அதனால் நாய் மாதிரி மூச்சு வாங்கும், நிழலில் படுக்கும், தண்ணீரில் போய் உட்காரும்."

அந்தச் சமயத்தில் எதிரே வந்த ஜீப்காரர் ஏதோ கையைக் காட்டினார். எங்கள் வண்டியோட்டியின் முகம் மலர்ந்தது. இரண்டு மைலுக்கு அப்பால் ஒரு குட்டைக்குப் பக்கத்தில் மான்கள் அபாயக் குரல் கொடுக்கின்றனவாம். புலி வரப்போகிறது என்று அர்த்தம்! பையன் குதித்தான். என் வீட்டுக்காரர் காமிராவைத் துடைத்தார்.

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். ரயிலில் ஏறியதிலிருந்து வாய் மூடாமல் பேசிக்கொண்டு வந்தவர், அரை மணியாக ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"என்ன அத்தை, தூக்கமா?"

"தலையை வலிக்கிறது. கெண்டைக் கால் இழுக்கிறது. ஒன்றுமில்லை, நீ புலியைப் பார்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. முகம் வெளுத்திருந்தது. கையைத் தொட்டேன், அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

"தண்ணீர் குடித்தீர்களா?"

பதில் இல்லை.

"காலையிலிருந்து எவ்வளவு குடித்தீர்கள்?"

"காப்பி குடித்தேனே" என்றார் அத்தை, குற்றவாளியைப் போல. பிறகு என் காதோடு சொன்னார்: "இந்தக் காட்டிலே எங்கேம்மா இறங்குவது? ஆண்பிள்ளைகள் இருக்கிற வண்டி. நாலு மணி நேரம். அதனால்தான் குடிக்கவில்லை."

சகோதரிகளே, இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் இப்போது தலையை ஆட்டுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அன்று நானும் பாதிக் கூஜாதான் குடித்திருந்தேன். அதே காரணத்துக்காகத்தான்.

வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒரு வார்த்தை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வண்டியை ஒரு பெரிய மருத மரத்து நிழலுக்கு விடச் சொன்னார். பின் ஆசனத்தில் அத்தையைப் படுக்க வைத்து, கால்களைப் பைகளின் மேல் தூக்கி வைத்தார். புடவைத் தலைப்பைத் தளர்த்தினார். தம் தலைத் துணியை அவிழ்த்து நனைத்துக் கழுத்திலும் நெற்றியிலும் கைகளிலும் ஒற்றினார். என் வீட்டுக்காரர் தொப்பியால் விசிறினார். ஈரத்தின்மேல் காற்றுப் படப்பட உடம்பு குளிரும். அதே கூலர் தத்துவம்தான். பிறகு எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் உப்பும் கரைத்த ஜலத்தை ஒவ்வொரு வாயாகக் கொடுத்தோம்.

கால் மணிக்குப் பிறகு அத்தை கண்ணை நன்றாகத் திறந்து, "புலி வந்ததா?" என்று கேட்டார்.

புலி வந்ததாகத்தான் பிறகு கேள்விப்பட்டோம். மற்ற எல்லா ஜீப்புகளும் பார்த்துவிட்டன. நாங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டோம். பையன் வழி நெடுக அழுதான். ஆனால் பாட்டியின் கையை மட்டும் விடவில்லை.

டாக்டர் சொன்னது

சந்திரபூரில் பார்த்த டாக்டர் அத்தையின் ரத்த அழுத்தத்தைச் சோதித்தார். மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்" என்றார். அவர் விளக்கிச் சொன்னதை எல்லாம் குறித்துக்கொண்டு வந்தேன்.

வயதாக ஆகத் தாக உணர்ச்சி மங்கிப் போகிறது. உடம்பு காய்ந்துபோன பிறகும் தாகம் தெரிவதில்லை. ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, சிறுநீரைப் பெருக்கி உடம்பின் நீரை வெளியேற்றுபவை. ஆகவே பிரயாணத்துக்கு முன்பே குடும்ப டாக்டரைக் கேட்டுவிட வேண்டும். இருதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளவர்களும் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு, சர்க்கரை என்று கேட்டுக்கொள்ளாமல் கிளம்பக் கூடாது.

அத்தைக்கு வந்தது உஷ்ணத்தால் வந்த களைப்பு. தலைவலி, கால் இழுப்பு, கிறுகிறுப்பு, வாந்தி வருகிறாற்போல் இருத்தல், ஈரமான வெளுத்த தோல் இவையெல்லாம் அதன் அடையாளம். நிழல், ஈரம், விசிறி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் இவற்றால் பெரும்பாலும் சரியாகும். சரியாகாவிட்டால் அடுத்தது ஹீட் ஸ்ட்ரோக். உடம்புச் சூடு 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும். பேச்சுக் குழறும், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், நினைவு தப்பும். அது உயிருக்கே ஆபத்து. அப்போது நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடம்பு முழுவதும் தண்ணீரைக் கொட்டி விசிறிக்கொண்டே, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் குளிர வைப்பது, பிறகுதான் மற்றவை.

உப்பு சர்க்கரை நீருக்கு அளவு இருக்கிறது. ஒரு லிட்டர் சுத்தமான ஜலத்துக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியில் குவித்து எடுக்காமல் தலைதட்டி எடுக்க வேண்டும். 'உப்பு கூடினால் நல்லது' என்று அள்ளிப் போட்டால் கெடுதலாகும். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல்.

"கூச்சத்தினால் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன்" என்று அத்தை தலையைக் குனிந்துகொண்டு சொன்னதை நான் மொழிபெயர்த்தபோது, டாக்டர் சிரிக்கவில்லை. "இங்கே வருகிற பெண்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த வெயிலில் நீங்கள் குடிக்கிற ஜலத்தில் பெரும்பகுதி தோல் வழியாகப் போய்விடுகிறது. நீங்கள் பயப்படுகிற இடத்துக்கு மிச்சம் வருவதே கொஞ்சம்தான்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை யாராவது ஊரிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

வழிகாட்டி வீட்டு மாங்காய்ப் பானகம்

அன்று இரவு வழிகாட்டி தாயி, அத்தையைப் பார்க்க விடுதிக்கு வந்தார். கையில் ஒரு செம்பு. வேகவைத்த மாங்காயின் சதையைக் கரைத்து, வெல்லமும் சீரகமும் உப்பும் சேர்த்த பானகம். 'பன்ஹே' என்கிறார்கள். விதர்ப்பத்துக் கோடையில் வீட்டுக்கு வீடு இது உண்டு.

"நீங்கள் தினமும் இரண்டு வேளையும் இந்த வெயிலில் போகிறீர்களே, எப்படித் தாங்குகிறது?" என்று கேட்டேன்.

"எழுந்தவுடன் ஒரு செம்பு தண்ணீர். வாசலில் நுழையுமுன் ஒரு தரம் ஒதுங்கிவிட்டு, மறுபடியும் ஒரு தம்ளர். உள்ளே இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டு வாய். தாகத்துக்குக் காத்திருப்பதில்லை" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆரம்பத்தில் நாங்களும் மாவ்ஷி மாதிரிதான் இருந்தோம். தலைவலி தாங்காமல் ஒருத்தியிடம் ஒருத்தி சொல்லி, பிறகு வண்டியோட்டிகளிடமும் சொல்லி, வழி பண்ணிக்கொண்டோம். எங்கே நிறுத்தலாம், எங்கே இறங்கலாம் என்பது எங்களுக்குத் தெரியும். பெண்கள் கேட்பதில்லை. கேட்டால் நிறுத்துவோம்" என்றார்.

அவருடைய தாயார் கோடையில் பீடி இலை பறிக்கப் போவாராம். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் கட்டோடு வீடு திரும்பிவிடுவார்கள். இலுப்பைப் பூப் பொறுக்குவதும் அப்படித்தான். புலி நடமாடுகிற அதே வேளை. சில பெண்கள் திரும்பி வராமலும் போயிருக்கிறார்கள். நாம் காசு கொடுத்துப் பார்க்கப் போகிற புலியை அவர்கள் கும்பிட்டுக்கொண்டே கடந்து போகிறார்கள். வெயிலோடு மட்டும் அவர்கள் சண்டை போடுவதில்லை. அதற்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். காட்டு மிருகமும் நடுப்பகலில் அதைத்தான் செய்கிறது.

நடுப்பகலில் சுற்றி அலைகிறவர்கள் நம்மைப் போன்ற பிரயாணிகள்தான்! பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை விடுதியிலேயே படுத்துக் கிடங்கள். மோர் சாதமும் வெள்ளரிக்காயும் சாப்பிடுங்கள். வயதானவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் காலைச் சவாரி மட்டும் போதும். பிற்பகல் சவாரி வேண்டாம். இதை நான் அத்தையின் பொருட்டுக் கற்றுக்கொண்டேன். நீங்கள் இதைப் படித்தே கற்றுக்கொள்ளலாம்.

தொட்டியில் ஒரு மகாராணி

மூன்றாம் நாள் ஓய்வு. நான்காம் நாள் காலை, டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, கடைசிச் சவாரி. ஐந்து மணிக்கே எழுந்து அத்தை ஒரு செம்பு ஜலம் குடித்தார். வாசலில் ஒதுங்கிவிட்டு வந்தார். ஜீப்பில் ஏறியதும், என் வீட்டுக்காரர் காது கேட்கவே, "தாயி, எனக்கு வழியில் ஒரு தரம் நிறுத்த வேண்டும்" என்று சுத்தத் தமிழில் சொன்னார். வழிகாட்டி தலையை ஆட்டினார். வானம் இடிந்து விழவில்லை. என் வீட்டுக்காரர், "எனக்கும்தான்" என்றார்.

எட்டரை மணிக்கு, சூரிய சக்தியால் நீர் இறைத்து நிரப்பும் ஒரு தொட்டிக்கு எதிரே வண்டியை நிறுத்தினார்கள். யாரும் பேசவில்லை. மூங்கில் புதர் அசைந்தது. ஒரு பெண் புலி வெளியே வந்தது. எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி, பின்பக்கத்தை முதலில் தண்ணீரில் வைத்து, அப்படியே பின்வாங்கி, கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்தது. முகத்தில் தண்ணீர் படுவது அதற்குப் பிடிக்காதாம். நாக்கை நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் மகாராணி மாதிரி!

பத்து ஜீப்புகள், அறுபது ஜனங்கள், இருபது காமிராக்கள். புலி ஒன்றையும் லட்சியம் செய்யவில்லை.

"பார், அதற்குக் கூச்சமே இல்லை" என்று அத்தை என் காதில் முணுமுணுத்தார். கூஜாவை எடுத்து இரண்டு வாய் குடித்தார்.

ஊருக்குத் திரும்பி ஒரு மாதமாகிறது. காட்டுக்குப் போனால்தான் இந்த எச்சரிக்கை என்று நினைக்காதீர்கள். வெளியூர்ப் பஸ்ஸில் ஏறுமுன் தண்ணீரைத் தவிர்க்கிற தாயார், கல்யாணச் சத்திரத்தில் பட்டுப்புடவையோடு நாளெல்லாம் நாக்கு வறண்டு நிற்கிற அக்காள், பள்ளிக்கூடத்தில் கழிவறைக்குப் பயந்து தண்ணீர்ப் புட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிற பெண் குழந்தை, எல்லாரும் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். இன்று மாலை உங்கள் பெண்ணின் புட்டியைத் திறந்து பாருங்கள். நிறைந்திருந்தால் கோபிக்காதீர்கள், காரணத்தைக் கேளுங்கள்.

நேற்று எதிர் வீட்டு மாமி கடைவீதியிலிருந்து வெயிலில் வந்தவர், எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "புலி பார்த்த கதையைச் சொல்லுங்கள்" என்றார்.

அத்தை உள்ளே போய் ஒரு பெரிய தம்ளர் மோரோடு வந்தார்.

"முதலில் இதைக் குடியுங்கள். அப்புறம் சொல்கிறேன்" என்றார்.